கம்பியில் நிற்கும் சக்கரம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் புதிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளைக் காணாமல் இருக்க முடியாது. பணிமுறை மாறும் வேளையில் சீருடை அணிந்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்பதையும் காணலாம். அந்தச் சாலையிலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியில், ஒரு புங்கமரத்தின் நிழலில், சைக்கிள் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, என் சைக்கிள் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்வரை.

கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த காலத்தில் வாங்கிய சைக்கிளை இன்னமும் வைத்திருக்கிறேன். அதன் பின்சக்கர ரிம் துருப்பிடித்து உளுத்துப்போனதால் வேறோர் ஊரில் புது ரிம் போட்டேன். ஒரே வாரத்தில் டியூப் மூன்று முறை பஞ்சரானது. முள்ளோ ஆணியோ காரணமில்லை. டியூபின் உட்புறத்தில்தான் ஓட்டை விழுந்திருந்தது. புங்கமரத்தடிப் பெரியவர் டயரைக் கழற்றி, ரிம்மின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, போக்ஸ் கம்பிகள் நிப்பிளைத் தாண்டி ஊசிமுனைகளைப் போல் நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். கையிலிருந்த கம்பிகளை அளவு பார்க்காமல் யாரோ கோத்திருக்கிறார்கள். நான்கு மில்லிமீட்டர் நீளம் அதிகம். அவ்வளவுதான் குற்றம்.

அவர் ஒரு கம்பியைக் குடத்தின் துளையில் மாட்டி, சாய்வாக ரிம்மின் துளைவரை பிடித்து, கண்ணால் அளந்து, அலமாரியில் இருந்த ஒரு கட்டை எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, பள்ளியில் படித்த கோணவியலை நினைவுக்குக் கொண்டுவந்து, அரைமணி நேரம் கணக்குப் போட்டேன். அவர் எடுத்த கம்பிக்கும் என் விடைக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. முனைவர் பட்டம் பெற்றவனுக்கு இது சிறிது கூச்சத்தைத் தந்தது உண்மை. அந்தக் கணக்கை உலகுக்குத் தேவையாக்கியவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயர்தான் ஜேம்ஸ் ஸ்டார்லி. சைக்கிள் தொழிலின் தந்தை என்று இங்கிலாந்து கொண்டாடும் மனிதர். மறைந்து நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. ஆயினும் அவரது வாழ்க்கை, தொழிற்பூங்காக்களால் சூழப்பட்ட இந்தப் பகுதிக்கு இன்று மிகவும் வேண்டிய ஒன்று என்பது என் கருத்து.

ஸ்டார்லி 1830 ஏப்ரல் 21 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆல்போர்ன் என்ற சிற்றூரில் ஓர் உழவரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் வயல் வேலைக்குப் போனார். பள்ளிக்கல்வி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உடைந்த குடையொன்றின் கம்பியையும் வில்லோ மரக்கிளையையும் கொண்டு அவர் ஓர் எலிப்பொறி செய்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து இழுத்துக் கட்டினால் அதற்குள் எவ்வளவு விசை அடங்கிக் கிடக்கும் என்பதை அந்தச் சிறுவன் அப்போதே கண்டுகொண்டான் போலும். பதின்ம வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, லண்டனை ஒட்டிய லூயிஷாமில் தோட்டக்காரரின் உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் கடிகாரங்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்.

அவர் வேலை செய்த வீட்டின் உரிமையாளர் ஜான் பென், கப்பல்களுக்கு நீராவி எந்திரம் செய்வதில் புகழ்பெற்றவர். அவர் மனைவியிடம் அந்நாளில் அரிதான ஒரு தையல் எந்திரம் இருந்தது. அது பழுதுபட்டபோது தோட்டக்காரப் பையன் அதைப் பிரித்து, சரிசெய்து, முன்பிருந்ததைவிட மேம்படுத்தியும் கொடுத்தான். பென்னுக்கு நண்பரான ஜோசையா டர்னர், தையல் எந்திர நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். 1859 அளவில் ஸ்டார்லி அந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். எளிய மனிதர்களின் வாழ்வில் திறமை மட்டும் போதுவதில்லை. அதைக் கண்டு வழிகாட்டி அனுப்ப ஒருவர் தேவைப்படுகிறார். பென் அதைச் செய்தார். செய்யாமல் இருந்திருந்தால் ஸ்டார்லி ஒரு நல்ல தோட்டக்காரராக மறைந்திருப்பார்.

1861 வாக்கில் டர்னரும் ஸ்டார்லியும் லண்டனை விட்டு கவெண்ட்ரி நகருக்குச் சென்று அங்கே தையல் எந்திர ஆலை தொடங்கினர். ஏன் கவெண்ட்ரி? பொருளியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கவெண்ட்ரி பல தலைமுறைகளாகப் பட்டு ரிப்பன் நெசவுக்கும் கடிகாரத் தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரம். 1860-ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி உள்ளே வந்தது. உள்ளூர் ரிப்பன் நெசவு சரிந்தது. தறிகள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி நகரை விட்டே வெளியேறினர். மிஞ்சியிருந்தவர்களிடம் வேலை இல்லை. ஆனால் நுண்ணிய பொருள்களைக் கையாளும் விரல்களும், அளவு தவறாத கண்களும் இருந்தன. ஒரு தொழில் இறந்த இடத்தில் அதன் கைத்திறன் மட்டும் உயிரோடு காத்திருந்தது. தையல் எந்திர ஆலை அங்கே வந்ததன் பின்னணி இது.

ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல், ஒரு தொழில் ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைபெற்றால் அதன் நுட்பங்கள் அவ்வூர்க் காற்றிலேயே கலந்துவிடுகின்றன என்னும் பொருள்பட 1890-இல் எழுதினார். எங்கள் வகுப்பறைகளில் அதை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தோம். அந்தக் காற்று எதிர்பாராத திசையிலும் வீசும் என்பதற்கு கவெண்ட்ரி சான்று. ரிப்பனிலிருந்து தையல் எந்திரத்துக்கு. அங்கிருந்து யாரும் நினைத்திராத வேறொன்றுக்கு.

அந்த வேறொன்றை 1868-இல் கொண்டுவந்தவர் டர்னரின் உறவினரும் நிறுவனத்தின் பாரிஸ் முகவருமான ரோலி டர்னர். பாரிஸில் அப்போது பரபரப்பாக விற்பனையான, முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய வெலாசிபீட் என்னும் இருசக்கர வண்டியை அவர் கவெண்ட்ரிக்கு எடுத்துவந்தார். பிரான்ஸில் விற்க அதைப் போன்ற வண்டிகளை இந்த ஆலையிலேயே செய்யலாம் என்பது திட்டம். நிறுவனம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டு களத்தில் இறங்கியது. 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சுச் சந்தை அடைபட்டது. செய்த வண்டிகளை இங்கிலாந்திலேயே விற்க வேண்டியதாயிற்று. இப்படி, ஓர் உடன்படிக்கையும் ஒரு போருமாகச் சேர்ந்து பிரிட்டனின் சைக்கிள் தொழிலுக்கு வழி திறந்தன.

வண்டியைத் தூக்கிப் பார்த்த ஸ்டார்லிக்கு அதன் எடையே பெருங்குறையாகத் தோன்றியது. காரணம் சக்கரம். அது நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் தம்பி. நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இடையே தடித்த மர ஆரக்கால்கள், மேலே இரும்புப் பட்டை. மாட்டுவண்டியில் பாரம் குடத்தின் மேல் இறங்குகிறது. குடம் தனக்குக் கீழே நிற்கும் ஆரக்காலின் மேல் நிற்கிறது. அந்த ஆரக்கால் ஒரு தூணைப்போல அமுங்கித் தாங்குகிறது. தூண் என்றால் அது தடிமனாக இருந்தாக வேண்டும். ஆகவே எடை கூடும்.

கம்பியோ தூணாக நிற்காது. மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் அதை இழுத்துப் பாருங்கள். தன் பருமனுக்குப் பன்மடங்கு பாரத்தைத் தாங்கும். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கிவிட்டால், குடம் எல்லாத் திசைகளிலிருந்தும் இழுக்கப்பட்டு நடுவே அசையாமல் நிற்கும். பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறையும். மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்தக் கீழ்க்கம்பிகளின் இழுவிசை முற்றிலும் தீர்ந்துபோகாதவரை சக்கரம் உறுதியாக இருக்கும். இந்த எண்ணம் ஸ்டார்லியின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடிய ஜார்ஜ் கேலி 1808-லேயே இதை எழுதிவைத்தார். பாரிஸில் யூஜின் மேயர் 1869-இல் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். புகழ் ஸ்டார்லிக்குப் போனதில் மேயருக்கு இழைக்கப்பட்ட அநீதி கொஞ்சம் உண்டு. ஆயினும் இதை ஒரு தொழிலாக்கி, ஆயிரக்கணக்கில் செய்து விற்கத்தக்க பொருளாக்கியவர் ஸ்டார்லிதான்.

1870 ஆகஸ்டில் அவரும் வில்லியம் ஹில்மனும் ஏரியல் என்ற சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றனர். மிகப்பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்டது அது. பழைய படங்களில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அந்தப் பெருஞ்சக்கரத்துக்குக் காரணம் விசித்திர ஆசை அன்று. சங்கிலி இல்லாத அக்காலத்தில் மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழி. ஓட்டுபவரின் கால் நீளமே அதற்கு எல்லை. மரத்தில் அவ்வளவு பெரிய சக்கரம் செய்தால் நகர்த்த முடியாது. கம்பியில் செய்தால் ஒரு கையால் தூக்கலாம். ஸ்டார்லியும் ஹில்மனும் லண்டனிலிருந்து கவெண்ட்ரி வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவை, ஒரே நாளில் இதில் ஓட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். ஸ்டார்லிக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, உடலும் பருத்தவர்.

ஏரியலிலும் ஒரு குறை இருந்தது. அதன் கம்பிகள் குடத்திலிருந்து ரிம்முக்கு நேர்க்கோட்டில் சென்றன. வடிவியலில் ஆரம் என்று நாம் சொல்லும் சொல்லே சக்கரத்தின் ஆரக்காலிலிருந்து வந்ததுதான். பொருத்தமான பெயர். ஆனால் மிதிப்பவரின் விசை முதலில் குடத்தைத்தான் திருப்புகிறது. நேர்க்கம்பிகள் அந்தத் திருப்பத்தை ரிம்முக்கு உடனே கடத்துவதில்லை. குடம் சற்றே முன்னே திருகிக்கொள்ள, ரிம் பின்தங்கி வருகிறது. கம்பிகள் தளர்ந்தும் இறுகியும் குடத்தருகே ஒடிகின்றன. ஸ்டார்லி முதலில் குடத்திலிருந்து ரிம்முக்கு ஒரு நெம்புகோலைப் பொருத்திச் சமாளித்தார். சில ஆண்டுகள் அதனோடு போராடியபின் 1874-இல் விடை கிடைத்தது. கம்பியை நேரே விடாமல், குடத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் தொடுகோடாகச் சாய்த்து விட்டார். பாதிக் கம்பிகள் முன்னோக்கிச் சாய்ந்தன, பாதி பின்னோக்கி. மிதிக்கும்போது ஒரு பாதி இழுத்துக் கொடுக்கிறது. எதிர்ப்புறம் விசை வரும்போது மறுபாதி தாங்குகிறது. கூடை முடைவதுபோல் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும் அந்தக் கம்பிகளைத்தான் இன்று நம் தெருவில் ஓடும் ஒவ்வொரு சைக்கிளிலும் பார்க்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளில் இதன் அடிப்படை மாறவில்லை.

ஆரக்கால் ஆரமாக இல்லாமல் போன அந்த நாளிலிருந்துதான் கம்பியின் நீளம் ஒரு கணக்கானது. நேரே விட்டால் ரிம்மின் ஆரத்திலிருந்து குட விளிம்பின் ஆரத்தைக் கழித்தால் ஏறக்குறைய போதும். சாய்த்து விட்டால் போதாது. நான்கு அளவுகள் வேண்டும்: ரிம்மில் நிப்பிளின் தலை உட்காரும் வட்டம், குட விளிம்பில் துளைகள் அமைந்த வட்டம், சக்கரத்தின் நடுத்தளத்திலிருந்து அந்த விளிம்பு விலகியிருக்கும் தொலைவு, மொத்தக் கம்பிகளின் எண்ணிக்கையோடு ஒரு கம்பி கடந்து செல்லும் எதிர்க்கம்பிகளின் எண்ணிக்கை. எளிதாக இருக்கட்டும் என்று 36 கம்பிச் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 18 கம்பிகள். அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 20 பாகைக் கோணம். ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் கடந்து சென்றால் சாய்வு 60 பாகை. ரிம்மின் ஆரம் 300 மில்லிமீட்டர், துளை வட்டத்தின் ஆரம் 22.5, விளிம்பின் விலக்கம் 35 என்போம். மூன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 91,731. அதிலிருந்து இரண்டு ஆரங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து, 60 பாகையின் கொசைன் மதிப்பாகிய அரையால் பெருக்கிக் கழிக்க வேண்டும், அது 6,750. மீதியின் வர்க்கமூலம் 291.5. கம்பி துளையின் விளிம்பில் தொங்குவதால் துளையின் பாதி விட்டத்தைக் கழித்தால் 290 மில்லிமீட்டர். இதே சக்கரத்தில் கம்பியை நேரே விட்டால் 278 போதும். நான்கு கம்பிகளைக் கடந்து விட்டால் 298 வேண்டும். நீளம் கூடினால் என்ன ஆகும் என்பதை என் டியூப் சொல்லும். குறைந்தால் நிப்பிளுக்குள் மரை போதிய அளவு பிடிக்காமல், மேடுபள்ளத்தில் விட்டுப்போகும்.

நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று கம்பிகள் இருக்கும். ஆளின் எடையும் கேரியரில் ஏற்றும் மூட்டையும் பின்னால்தானே விழுகின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த அந்த வழக்கம் இங்கே நெல்மூட்டைக்கும் பால்கேனுக்கும் மிகப் பொருந்திப்போனது. கம்பி தேர்வதிலும் நுட்பம் உண்டு. கம்பி நடுவில் ஒடிவது அரிது. குடத் துளையில் நுழையும் வளைவிலும், மரை தொடங்கும் இடத்திலும்தான் ஒடியும். அதனால்தான் இரு முனைகளில் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டருமாக இழைத்த கம்பிகளைச் செய்கிறார்கள். நடுப்பகுதி மெலிந்திருந்தால் அதிர்ச்சியில் அது சற்றே நீண்டு கொடுத்து, வளைவைக் காப்பாற்றும். தடிமனே பலம் என்று நினைப்பவருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

ஸ்டார்லியின் வாழ்வில் இதற்குப் பின்னும் ஏழாண்டுகள் இருந்தன. உயரமான ஏரியலில் பாவாடை அணிந்த பெண்கள் ஏற முடியாது என்பதால் 1874-இல் பக்கவாட்டில் அமர்ந்து, இரு மிதிகளையும் ஒரே பக்கத்தில் மிதிக்கும்படி ஒரு வண்டி செய்தார். அது வெற்றி பெறவில்லை. பிறகு மூன்று சக்கர வண்டிகளின் பக்கம் திரும்பினார். இருவர் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதிக்கும் வண்டியில் அவரும் மகன் வில்லியமும் சென்றபோது, இளைஞனின் கால் வலுவால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு இருவரும் செந்தட்டிப் புதரில் விழுந்தார்களாம். அரிப்போடு எழுந்த ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஒரே விசையில் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் பல்லிணை அமைப்பை 1877-இல் தன் வண்டியில் பொருத்தினார். அந்த அமைப்பு பிரெஞ்சுக்காரர் பெக்கூர் அரை நூற்றாண்டுக்கு முன்பே சிந்தித்தது; ஆனால் சாலையில் பரவலாகச் செயல்படுத்திக் காட்டியது ஸ்டார்லியின் கைகள். இன்று ஒரகடத்தில் வெளிவரும் லாரிகளின் பின்னச்சில் இருக்கும் டிபரன்ஷியல் அதன் வழித்தோன்றல்தான். விக்டோரியா அரசி 1881-இல் அவரது சால்வோ மூன்று சக்கர வண்டிகள் இரண்டை வாங்கியதும், அவற்றை அரசியிடம் சேர்ப்பிக்க அந்த உழவர் மகனே நேரில் சென்றதும் அவர் வாழ்வின் கடைசிப் பெருமை. அதே ஆண்டு ஜூன் 17 அன்று, 51-ஆம் வயதில் அவர் மறைந்தார். 1884-இல் கவெண்ட்ரி மக்கள் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். அவரிடம் தொழில் பயின்ற சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் வெளியிட்ட ரோவர் என்ற வண்டிதான், ஏறத்தாழச் சம அளவுள்ள இரண்டு சக்கரங்களும் சங்கிலியுமாக, இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிலைநாட்டியது.

பெண்களுக்காக அவர் செய்த வண்டி தோற்றது என்றேன். நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நம் புதுக்கோட்டையில் அந்தக் கணக்கு நேராயிற்று. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதில் இருந்தனர். பக்கவாட்டில் அமர்ந்து அல்ல, நேராக அமர்ந்து. பல இடங்களில் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே.

ஸ்டார்லியின் தொழில் நம் மண்ணுக்கு வந்த பாதையும் சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் ஊசி செய்வதில் பெயர்பெற்றது. அங்கே ஊசி ஆலை நடத்திய ஜார்ஜ் டவுன்சென்டின் நிறுவனம் பின்னர் சைக்கிள் செய்யத் தொடங்கி, என்ஃபீல்டு என்ற பெயர் பெற்று, 1901-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. கம்பியை இழுத்து, வெட்டி, முனை தீட்டி ஊசி செய்பவனுக்குப் போக்ஸ் கம்பி அந்நியமான பொருளாக இருந்திருக்காது. 1955-இல் அந்தத் தொழில் திருவொற்றியூருக்கு வந்தது. 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லக்கோட்டைக்கு அருகே வல்லம் வடகாலிலும் அதன் புதிய ஆலைகள் திறக்கப்பட்டன. இன்னொரு பக்கம், முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து 1949-இல் தொடங்கிய சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்தது. தரிசாகக் கிடந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையாக மாறியதில் அந்த ஆலைக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே ரிம்மும் சங்கிலியும் செய்யக் கற்றவர்கள், பிறகு சிறு பட்டறைகள் வைத்துக் கார்களுக்கும் லாரிகளுக்கும் உதிரிபாகம் செய்தார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிப்பார்க்கும்போது ஒரு கவலையும் உடன் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து சென்ற இளம்பெண்கள், ஒரே நாளில் வேலையற்றவர்களானார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு வரிச்சட்டமோ, ஓர் அயல்நாட்டு இயக்குநர் குழுவின் முடிவோ ஓர் ஊரின் பிழைப்பை மாற்றிவிடும் என்பது 1860-இன் கவெண்ட்ரி நெசவாளர்களுக்குத் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிந்துவிட்டது. நோக்கியா வளாகத்துக்குப் பின்னர் வேறொரு நிறுவனம் வந்து, கைப்பேசிக்கான மின்னேற்றிகளைச் செய்கிறது. கட்டடம் காலியாகக் கிடக்கவில்லை என்பது மகிழ்ச்சிதான். ஆனால் கட்டடத்தைவிட மனிதர்களைப் பற்றியே நான் கேட்க விரும்புகிறேன்.

கவெண்ட்ரியின் நெசவாளரும் கடிகாரக்காரரும் ஒரு பொருளை முழுமையாகச் செய்யத் தெரிந்தவர்கள். அதனால் ரிப்பன் போனபின் தையல் எந்திரத்துக்கும், அது போனபின் சைக்கிளுக்கும், பிறகு காருக்கும் அவர்களின் பிள்ளைகளால் நகர முடிந்தது. நம் பிள்ளைகளில் பலர் ஒரு நீண்ட வரிசையின் ஒரே இடத்தில் நின்று, ஒரே திருகை, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை முடுக்குகிறார்கள். அந்தத் திருகு ஏன் அந்த விசையில் முடுக்கப்பட வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அவர்களின் ஒப்பந்தக் காலமும் அதைக் கற்றுக்கொள்ளுமளவு நீள்வதில்லை. அரசு ஐ.டி.ஐ.களில் பிட்டர், டர்னர் படிப்பவர்கள் ஒரு பொருளையேனும் முதலிலிருந்து கடைசிவரை தம் கையால் செய்து முடிக்கும்படி பாடத்திட்டம் அமைய வேண்டும். அது சைக்கிள் சக்கரமாகவே இருக்கலாம். அதில் வடிவியல் இருக்கிறது, உலோகவியல் இருக்கிறது, இழுவிசை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. செலவு மிகக் குறைவு. தொழிற்பூங்காவுக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும்போது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல பிரிவுகளில் மாறிமாறிப் பயிற்சி பெறுவதையும் ஒரு நிபந்தனையாக அரசு கேட்டுப்பெறலாம். இதை நிறுவனங்களுக்கு எதிரான கோரிக்கையாக எண்ண வேண்டியதில்லை.

என் சைக்கிள் சக்கரம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. பெரியவர் நாற்பது கம்பிகளையும் புதிதாகக் கோத்து, நிப்பிள்களைக் கால் சுற்று, அரைச் சுற்றாக முடுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பெண்டு எடுத்தார். இடையிடையே கம்பிகளைச் சுண்டி ஓசையைக் கேட்டார். எல்லாம் ஒரே சுருதியில் வந்தபிறகே டயரை மாட்டினார். பேச்சுவாக்கில் அவர் மகனைப் பற்றியும் விசாரித்தேன். அருகிலுள்ள ஓர் ஆலையில் ஒப்பந்தப் பணியாம். சக்கரப் பிரிவுதான். அங்கே எந்திரம் எண்களைக் காட்டுமாம். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த சக்கரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து அப்பாவுக்கு உதவுகிறானாம். கம்பி சுண்டிப் பார்ப்பதில் தன்னைவிட அவனுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கழற்றிப்போட்ட நீளக் கம்பிகளை ஒன்றாகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வேறு ஏதாவது சக்கரத்துக்கு ஆகுமாம்.

(ஜூன் 17 - ஜேம்ஸ் ஸ்டார்லி நினைவு நாள்)

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).